மகளின் பிரஜாவுரிமை விண்ணப்பம் குறையோடு நிற்கிறது, இனி என்ன செய்வது?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே, வாகரைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

1990 சண்டையில் ஏழு வயதுப் பிள்ளையாகப் பெற்றோருடன் படகேறி இந்தியா போனவர். தமிழ்நாட்டில் முகாமிலேயே வளர்ந்து, 2006இல் முகாம் கோயிலில் வைத்து மன்னாரைச் சேர்ந்த ஒருவரைக் கலியாணம் முடித்தார். பதிவு செய்யவில்லை. 2008இல் அரசாங்க ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். சில வருடங்களில் கணவர் பிரிந்து போய்விட்டார், இப்போது தொடர்பே இல்லை. 2016இல் தாயும் மகளும் முறையான பயணப் பத்திரத்தில் ஊர் திரும்பினார்கள். தாய்க்கு அடையாள அட்டை கிடைத்தது, மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். பிறகு பிரதேச செயலகத்தில் நடந்த நடமாடும் சேவை ஒன்றில் மகளின் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்தார். பல மாதம் கழித்துச் சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. தெரிந்தவர் ஒருவர் மேலோட்டமாகப் பார்த்து, “ஏலாது எண்டு எழுதியிருக்காங்க போல” என்று சொல்லியிருக்கிறார். கடிதம் அலுமாரிக்குள் போய்விட்டது.

இப்போது மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அடையாள அட்டைக்குப் போனால், பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்கிறார் கிராம உத்தியோகத்தர். புறோக்கர் ஒருவர், மகள் இங்கேயே பிறந்ததாக ஒரு பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். தம்பியோ, பேசாமல் பாஸ்போர்ட்டுக்குப் போடுவோம் என்கிறார். “ஒரு வருடத்துக்குள் பதியாதபடியால் உரிமை போய்விட்டதா? திரும்ப இந்தியா போய்த்தான் பதிய வேண்டுமா? பிள்ளையை அனுப்பிவிடுவார்களா? நான் இந்த நாட்டுப் பிள்ளை இல்லையா என்று அவள் கேட்கிறாள், என்ன சொல்வது?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

நீங்கள் அனுப்பிய போட்டோக்கொப்பியை, சிங்களம் நன்றாகத் தெரிந்த சக சட்டத்தரணி ஒருவருடன் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தேன். உங்கள் மகளின் விண்ணப்பத்தை யாரும் நிராகரிக்கவில்லை. நான்கு காகிதங்கள் குறைகின்றன, அவற்றைச் சமர்ப்பித்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. கோவை, அதாவது அவளுடைய ஃபைல், இன்னும் திறந்தபடிதான் இருக்கிறது. இவ்வளவு காலம் நீங்கள் பதில் போடாததால் அது ஒரு மூலையில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். உள்ளே எழுதியிருப்பது சிங்களமாக இருந்தாலும் தலைப்பு மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறது. அதில் “எனது இல.” என்ற இடத்துக்கு எதிரே பேனாவால் ஓர் இலக்கம் எழுதியிருக்கிறார்கள். அதுதான் உங்கள் மகளின் கோவை இலக்கம். இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் “உமது இல.” என்று போட்டு அந்த இலக்கத்தை முதல் வரியில் எழுதுங்கள். புதிதாக இன்னொரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க வேண்டாம். ஒரே பிள்ளைக்கு இரண்டு கோவை இருந்தால், ஒன்றைப் பார்ப்பவருக்கு மற்றது தெரியாமல் இரண்டுமே இழுபடும்.

ஒரு வருடக் கணக்கு

உங்களை அதிகம் வாட்டுவது இதுதான் என்று தெரிகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கைக்கு வெளியே பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும் என்பது உண்மை. உங்களுக்குச் சொன்னவர்கள் அந்த வசனத்தின் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் அனுமதிக்கும் மேலதிக காலத்துக்குள்ளும் பதியலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. யுத்தத்தால் துரத்தப்பட்டு, முகாமில் வாழ்ந்து, இப்படி ஒரு பதிவு இருப்பதையே அறியாத ஒரு தாயின் காரணத்தை விடத் தகுந்த காரணம் வேறு என்ன இருக்கிறது? தாமதக் கட்டணம் கட்ட வேண்டி வரும். உங்களால் முடியாவிட்டால் அதையும் கடிதத்திலேயே சொல்லுங்கள், சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, தந்தை இல்லாமல் முடியாது என்ற நினைப்பு. முன்னர் அப்படித்தான் இருந்தது. கலியாணம் முடித்த பெற்றோரின் பிள்ளைக்குத் தந்தை வழியாகத்தான் பிரஜாவுரிமை வந்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றி, தாயோ தந்தையோ யாராவது ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும் என்று ஆக்கியது. உங்கள் மகள் பிறந்தது 2008இல். ஆகவே உங்கள் வழியாகவே அவளுக்கு உரித்து இருக்கிறது. நீங்கள் இருபத்தாறு வருடம் வெளியே இருந்ததால் உங்கள் பிரஜாவுரிமை போய்விடவும் இல்லை. வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையை எடுத்தால்தான் அது போகும். நீங்கள் முகாம் பதிவோடு அகதியாகவே இருந்து திரும்பியவர்.

இந்தியாவில் பிறந்தவள் இந்தியக்காரிதானே என்று அயலில் சொல்கிறார்களாம். இந்தியச் சட்டத்தில் அப்படி இல்லை. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். நீங்கள் இருவருமே இலங்கையர். எனவே அந்த நாடு அவளைத் தன் பிரஜையாக எண்ணாது. இங்கேயும் பதியாமல் விட்டால் பிள்ளை இரண்டு நாட்டிலும் இல்லாதவளாகத் தொங்கிக்கொண்டிருப்பாள். அதனால்தான் இனி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். அனுப்பிவிடுவார்களா என்ற பயத்துக்கு, உங்கள் காகிதங்களில் எந்தக் காரணத்தையும் நான் காணவில்லை. அவள் முறையான பயணப் பத்திரத்தில், அரசாங்கத்துக்குத் தெரிந்தே வந்தவள். இந்தியாவுக்குத் திரும்பப் போகவும் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களே அங்குள்ள இலங்கைத் தூதரகங்களில் பதிகிறார்கள். இங்கே இருப்பவர்களுக்குப் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவு இருக்கிறது.

கேட்ட நான்கு காகிதங்கள்

முதலாவது, தந்தையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டைக் கொப்பி. “அவரை எங்கே போய்த் தேட” என்று எழுதியிருந்தீர்கள். அவரைத் தேட வேண்டாம், அவருடைய பதிவைத் தேடுங்கள். அவர் மன்னாரில் பிறந்தவர் என்றால் பிறப்புப் பதிவு அங்கே பிரதேச செயலகத்தில் இருக்கும். பிறப்புப் பதிவின் பிரதியைப் பணம் கட்டி யாரும் எடுக்கலாம், அவருடைய சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், அவருடைய பெற்றோரின் பெயர் ஆகியவை தெரிந்தால் நல்லது. திகதி சரியாகத் தெரியாவிட்டால் தெரிந்த வருடத்தை எழுதித் தேடிப்பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கணவரின் தாய்மாமன் இன்னும் மன்னாரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த விவரங்களை அவரிடம் ஒரு போனில் கேட்டுவிடலாம். தேடியும் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று அந்த அலுவலகம் தரும் எழுத்தை வாங்கி அதையே இணையுங்கள். தேடிப் பார்த்ததற்கு அதுதான் அத்தாட்சி.

இரண்டாவது, விவாகச் சான்றிதழ். உங்களிடம் இல்லை, இனி எடுக்கவும் முடியாது. இருப்பதாக யாரும் செய்து தருவதற்கும் இடம் கொடுக்காதீர்கள். சடங்கோடு நடந்த இந்துக் கலியாணம் பதியாததால் மட்டும் செல்லாமல் போவதில்லை, இந்தியாவிலும் அப்படித்தான், இங்கேயும் வழக்கமுறைத் திருமணத்தை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அதைவிட முக்கியம், மகளின் உரித்து உங்கள் விவாகத்தில் தங்கியிருக்கவில்லை. நீங்கள் இலங்கைப் பிரஜை, நீங்கள்தான் அவளைப் பெற்றவர் என்ற இரண்டும் நிரூபணமானால் அடித்தளம் போட்டாயிற்று. ஆகவே எந்தக் கோயில், எந்த வருடம், யார் நடத்தி வைத்தது, ஏன் பதியவில்லை என்பதை ஒரு சத்தியக்கடதாசியில், அதாவது உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்திடும் பத்திரத்தில், எழுதுங்கள். அந்தக் கலியாணத்துக்கு வந்து, இப்போது ஊர் திரும்பியிருப்பவர்கள் இருவர் இருந்தால் அவர்களிடமும் ஆளுக்கொரு சத்தியக்கடதாசி வாங்குங்கள். முகாமில் தந்த குடும்ப அட்டையில் மூவரின் பெயரும் ஒன்றாக இருக்கிறது என்கிறீர்களே, அது பொன்னான காகிதம். கொப்பி எடுத்து இணையுங்கள். அசலைக் கையை விட்டு அனுப்ப வேண்டாம்.

மூன்றாவது, பெயர் வித்தியாசம். நம்மவர்களின் கோவைகள் அதிகம் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் உங்கள் தகப்பனாரின் பெயர் முழுதாகவும் உங்கள் பெயர் அதற்குப் பின்னாலும் இருக்கிறது. மகளின் இந்தியச் சான்றிதழில் தாயின் பெயர் என்ற இடத்தில் ஒற்றை முதலெழுத்தும் உங்கள் பெயரும் மட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது இங்கே ஓர் எழுத்துக் கூடியிருக்கிறது, அங்கே குறைந்திருக்கிறது. மேசையில் இருக்கும் உத்தியோகத்தருக்கு இது இரண்டு வேறு பெண்களாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. இரண்டு பெயரையும் அந்தந்தப் பத்திரத்தில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் எழுதி, இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். உங்கள் அடையாள அட்டை, இந்தியா போனபோதும் வந்தபோதும் இருந்த பத்திரங்கள், முகாம் அட்டை என்று எதில் எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் வரிசையாகக் குறிப்பிடுங்கள். ஒன்றில் மூன்றாவதாக ஒரு விதமாக எழுதியிருந்தால் அதையும் மறைக்காமல் சேருங்கள். பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் மறுபடி ஒரு கடிதம் வரும், மறுபடி சில மாதம் போகும்.

நான்காவது, தாமதத்துக்கான விளக்கக் கடிதம். இதைக் கடையில் டைப் பண்ணக் கொடுத்தால் “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது போதாது. உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். இப்படி:

“எனது மகள் 2008இல் இந்தியாவில் பிறந்தபோது நான் அகதி முகாமில் இருந்தேன். பிறப்பை இலங்கைத் தூதரகத்திலும் பதிய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முகாமை விட்டு வெளியூர் போவதற்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2016இல் மகளுடன் நாடு திரும்பினேன். பின்னர் நடமாடும் சேவையில் விண்ணப்பித்தேன். உங்கள் கடிதம் எனக்குத் தெரியாத மொழியில் இருந்ததால் அதை நிராகரிப்பு என்று விளங்கிக்கொண்டேன். இப்போது விளங்கியதும் பதில் அனுப்புகிறேன். என்னிடம் இல்லாத பத்திரம் விவாகச் சான்றிதழ். அதற்குப் பதிலாக இணைத்திருப்பவை இவை...”

உண்மையில் நடந்ததை மட்டும் வையுங்கள். நான் எழுதிய வரிகளில் உங்களுக்குப் பொருந்தாதது இருந்தால் வெட்டிவிடுங்கள். குறையுள்ள விண்ணப்பத்துக்குப் பதில் எழுதும்போது, இருப்பதை இணைத்துவிட்டு இல்லாததைப் பற்றி மௌனமாக இருப்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. இல்லாததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். என்ன இல்லை, ஏன் இல்லை, அதற்குப் பதிலாக எதைப் பார்க்கலாம் என்று எழுத்தில் இருந்தால் உத்தியோகத்தர் ஒரு தீர்மானத்துக்கு வர முடியும். சும்மா விட்டால், “இன்னும் வரவில்லை” என்று கோவையை மூடி வைக்கத்தான் அவரால் முடியும்.

எல்லாவற்றையும் இலக்கமிட்டு, பட்டியலோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைக் கடிதத்தின் கொப்பியோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். இரவு பஸ்ஸில் நேரே போய்க் கொடுப்பது என்றால், உங்கள் கொப்பியில் திகதியிட்ட முத்திரை வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. எந்த அரச அலுவலகத்துக்கும் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தருகிறது. வாகரையில் இருக்கும் ஒரு தாய்க்கு, அவருடைய பிள்ளையின் நாட்டுரிமை பற்றிய கடிதம் வாசிக்க முடியாத மொழியில் வந்ததால் இத்தனை காலம் வீணாகியிருக்கிறது. இது எனக்கு மனவேதனை தருகிறது. அதனால் கடிதத்தின் கடைசி வரியாக “பதிலைத் தமிழில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று கட்டாயம் எழுதுங்கள்.

புறோக்கர் சொல்லும் வழி

வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். உங்கள் மகள் இந்தியாவில் பிறந்தவள் என்பது அங்குள்ள பிறப்புப் பதிவில் இருக்கிறது, முகாம் பதிவில் இருக்கிறது, நீங்கள் வந்த பயணப் பத்திரத்தில் இருக்கிறது, பாடசாலை அனுமதிப் புத்தகத்திலும் இருக்கும், நீங்களே கொடுத்த விண்ணப்பத்திலும் இருக்கிறது. இத்தனைக்கும் எதிராக, இங்கே பிறந்தாள் என்று ஒரு சான்றிதழ் எடுத்தால் இப்போது உண்மையாக இருக்கும் கோவை பொய்யாகிவிடும். பொய்த் தகவல் கொடுத்துப் பதிவு எடுப்பது தண்டனைக்குரிய குற்றம், அதில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள்தான், புறோக்கர் அல்ல. இன்றைக்கு அது பிடிபடாமல் போகலாம். நாளைக்கு மகள் பல்கலைக்கழகத்துக்கோ, அரச வேலைக்கோ, வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும் நேரத்தில் இரண்டு பிறப்புச் சான்றிதழும் எதிரெதிரே வந்து நிற்கும். அப்போது பதில் சொல்ல வேண்டியவள் இதில் எந்தத் தவறும் செய்யாத பிள்ளை.

உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம் என்றும் அவர் சொன்னாராம். இங்கே பிறந்து, தேடியும் பதிவு அகப்படாதவர்களுக்கு உள்ள ஏற்பாடு அது. பிறப்புச் சான்றிதழின் அசலையே கையில் வைத்திருக்கும் உங்கள் மகளுக்கு அது பொருந்தாது.

தம்பி சொல்லும் பாஸ்போர்ட் வழியும் சுற்றி வந்து அதே வாசலில்தான் நிற்கும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் அங்கேயும் முதலில் கேட்பது பிரஜாவுரிமைச் சான்றிதழைத்தான். கிராம உத்தியோகத்தர் மீதும் கோபப்படாதீர்கள். வெளிநாட்டில் பிறந்தவரின் அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவை என்பது ஆட்பதிவுத் திணைக்களத்தின் விதி. அவரிடம் கேட்க வேண்டியது வேறு. நீங்களும் மகளும் அந்தப் பிரிவில் எந்த வருடத்திலிருந்து வசிக்கிறீர்கள் என்ற வதிவிடச் சான்றிதழைக் கேளுங்கள். அது இந்தக் கோவைக்கும் உதவும்.

பதில் வராவிட்டால்

நியாயமான காலம் பொறுத்துப் பார்த்தும் பதில் இல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அத்திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. “இந்த இலக்கக் கோவை இப்போது எந்தக் கட்டத்தில் உள்ளது? இன்னும் எந்தப் பத்திரம் தேவை? எந்த விதியின்படி தேவை?” என்று மூன்றே கேள்வி. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். இந்த உரிமையைச் சட்டம் பிரஜைகளுக்குத்தான் கொடுத்திருக்கிறது. மகளின் பெயரில் எழுதி வீண் கேள்விக்கு இடம் வைக்காமல் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.

ஒருவேளை உண்மையிலேயே நிராகரித்துக் கடிதம் வந்தால் அதை அலுமாரியில் வைக்காதீர்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது, முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. இது அந்த நிலை வந்தால் மட்டும்தான். இப்போதே வழக்கு என்று கிளம்பிப் பணத்தையும் நிம்மதியையும் செலவழிக்க வேண்டாம்.

சத்தியக்கடதாசிகளைச் சரியாக எழுதிக்கொள்ள மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே பணம் வாங்காமல் செய்து தருவார்கள். பிறப்புச் சான்றிதழ் இரண்டு, குடும்ப அட்டை, பயணப் பத்திரம், அந்தச் சிங்களக் கடிதம், இவ்வளவும் கையில் இருந்தால் போதும்.

பரீட்சை விஷயத்தை இதோடு கட்டிப்போடாதீர்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியின் விண்ணப்பம் அதிபர் ஊடாகப் போவது. அதனால் இப்போதே அவரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லி, நீங்கள் அனுப்பும் கடிதத்தின் கொப்பியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டின் கொப்பியையும் கொடுங்கள். அடையாள அட்டை வருவதற்குள் பரீட்சை வந்துவிட்டால் பிள்ளையின் அடையாளத்தை எப்படி உறுதிப்படுத்துவது என்று பரீட்சைத் திணைக்களத்திடம் அவர் முன்கூட்டியே எழுதிக் கேட்கட்டும். மண்டப வாசலில் வைத்துக் கேட்கும் கேள்வியாக அது ஆகக்கூடாது.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். உன் தாய் இந்த நாட்டுப் பிரஜை, அதனால் உனக்கும் இங்கே உரித்து இருக்கிறது, பதிவுதான் இன்னும் முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். சட்ட உதவிக்குப் போகும் நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கு விளங்கும் வயது. தன் கோவையில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று அவளே நேரில் கேட்கட்டும்.